எந்தக் காடு உரத்துக்குப் பதில் சொல்லும்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், “யூரியாவுக்கு விவசாயி வரிசையில் நிற்கிறான், நீங்கள் பைன் மரத்துக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசப்போகிறீர்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குப் பைன் என்றால் கொடைக்கானலில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கும் நீலகிரியிலும் மலைப் புல்வெளிகளில் நட்டுவிட்ட அயல் மரங்களை என்ன செய்வது என்பதே இன்றைய வழக்கு. அவற்றுக்கு உரமிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அதைச் சொல்ல வரவில்லை.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் லோப்லாலி பைனையும், அந்நாட்டின் வடமேற்கில் வளரும் டக்ளஸ் ஃபிர் மரத்தையும். தென்கிழக்கில் மட்டும் 1.2 கோடி எக்டேருக்கு மேல் பைன் தோப்புகள் உள்ளன. 1999-ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய ஆறரை இலட்சம் எக்டேருக்கு உரமிட்டார்கள். இவ்வளவு பெரிய பரப்பில், மணலும் களியும் சதுப்பும் மலைச்சரிவுமாக மாறி மாறி வரும் நிலத்தில், எந்தத் தோப்பு உரத்தை வாங்கிக்கொண்டு வளரும், எது வாங்கிக்கொண்டும் சும்மா நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அரை நூற்றாண்டாக அங்குள்ள ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

நமக்கு இதில் ஓர் உறவு உண்டு. 1967-இல் பா. இராமமூர்த்தியும் அவருடைய தோழர்களும் டில்லியில் சொனாரா 64 கோதுமையை வைத்து, மண் பரிசோதனைக்கும் பயிரின் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை அளக்க ஒரு வழி கண்டார்கள். வெவ்வேறு ஊர்களின் வயல்களை ஒப்பிட்டால் மண், மழை, வெயில், உழவன் கை எல்லாம் கலந்து குழப்பும் என்பதால், ஒரே வயலைப் பட்டைகளாகப் பிரித்து, அங்கேயே வளம் குறைந்த பட்டையும் நிறைந்த பட்டையும் உண்டாக்கி, அதன்மேல் ஆய்வுப் பயிரை வைத்தார்கள். கோயம்புத்தூர் உட்பட நாட்டின் பல மையங்களில் இந்த முறை இன்றும் நடக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், இட வேறுபாட்டை வெளியே நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டார்கள்.

காட்டுக்காரனுக்கு அந்த வசதி இல்லை. இருபத்தைந்து ஆண்டு நிற்கும் மரத்துக்கு வயலில் பட்டை கட்டிப் பார்க்க முடியாது. அவனுக்கு இட வேறுபாடுதான் கேள்வியே. இன்று நான் முன்வைக்கும் வாதமும் அதையொட்டியது: உரத்துக்கு மரம் தரும் பதிலை மண்ணில் உள்ள சத்தின் அளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில் அந்த வயதில் மரங்கள் கேட்பதற்கும் மண் கொடுப்பதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளியை நிரப்பியதும் அடுத்து எது வந்து தடுக்கும் என்ற இரண்டும் தெரிந்தால்தான் முன்கணிப்பு நிற்கும்.

1. நாம் கணிக்க முயல்வது ஒரு கழித்தல் கணக்கை

லோப்லாலி பைனுக்கு இடைப்பருவத்தில், அதாவது தோப்பு கூடிக் கவிந்த பிறகு, வழக்கமாக எக்டேருக்கு 224 கிலோ தழைச்சத்தும் 28 கிலோ மணிச்சத்தும் தருகிறார்கள். யூரியாவும் டி.ஏ.பி.யும்தான் உரம், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து தூவுவார்கள். நம் கணக்கில் சொன்னால் எக்டேருக்கு ஒன்பதரை மூட்டை யூரியா, மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவாக டி.ஏ.பி. நடுத்தர வயது நெல்லுக்கு நாம் பொதுவாகப் பரிந்துரைப்பது 150 கிலோ தழைச்சத்து. ஆக, நெல்லுக்கு ஒரு போகத்தில் போடுவதைப்போல ஒன்றரை மடங்கை மரத்துக்கு ஒரு முறை போட்டுவிட்டு எட்டு ஆண்டு காத்திருக்கிறார்கள்.

இதற்குக் கிடைக்கும் கூடுதல் வளர்ச்சி, பல மாநிலங்களில் பரவிய ஆய்வுத் திடல்களின் சராசரியில், ஆண்டுக்கு எக்டேருக்கு 3.5 கன மீட்டர் அளவில் எட்டு ஆண்டுகளுக்கு வருகிறது. நல்ல தொகைதான். ஆனால் இந்தச் சராசரிக்குள் இரு மடங்கு தந்த தோப்பும் உண்டு, ஒன்றுமே தராத தோப்பும் உண்டு. டக்ளஸ் ஃபிரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கிய வட்டார ஆய்வில் 224 கிலோ தழைச்சத்துக்குப் பதில் சொன்னவை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். மூன்றில் ஒன்று பேசவில்லை.

இங்கே ஒரு தொல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். பதில் என்று நாம் சொல்வதை நேராக அளக்க முடியாது. உரமிட்ட திடலின் வளர்ச்சியிலிருந்து உரமிடாத திடலின் வளர்ச்சியைக் கழித்தால் வருவது அது. ஒரு தோப்பு உரமில்லாமல் ஆண்டுக்கு 12 கன மீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துத் திடல்கள் இரண்டும் இயல்பிலேயே பத்து விழுக்காடு வேறுபட்டால் அதுவே 1.2 கன மீட்டர். நாம் தேடும் 3.5-இல் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும், அல்லது இல்லாத பதில் இருப்பதாகக் காட்டும். காட்டில் பத்து விழுக்காடு வேறுபாடு என்பது ஒன்றுமில்லை. ஒரு பழைய ஓடைத்தடமோ நாற்று நட்டவனின் அவசரமோ போதும். ஆகவே முன்கணிப்புச் சமன்பாடு வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்குகிறது என்று ஒருவர் எழுதினால், உடனே சமன்பாட்டைக் குறைசொல்லிவிடாதீர்கள். எதைக் கணிக்கச் சொன்னோமோ அதுவே ஆடிக்கொண்டிருக்கும் அளவு.

2. தண்ணீர் இல்லாத இடம் என்று நினைத்தது தழை இல்லாத இடமாக இருந்தது

வட கரோலினாவின் ஸ்காட்லாந்து மாவட்டத்தில் மணற்குன்றுப் பகுதி ஒன்று உண்டு. பெய்த நீர் நிற்காமல் இறங்கிவிடும் ஆழ்ந்த மணல். அங்கே எட்டு வயது லோப்லாலித் தோப்பில் 1992-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பதினாறு திடல்கள். சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை, சிலவற்றுக்கு நீர் மட்டும், சிலவற்றுக்கு உரம் மட்டும், சிலவற்றுக்கு இரண்டும். ஊசியிலையில் தழைச்சத்து 1.3 விழுக்காட்டை ஒட்டியே இருக்குமாறு ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து உரம் தந்தார்கள்.

மணலைக் கண்ட எவரும் தண்ணீர்தான் குறை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நான்கே ஆண்டுகளில் வந்த விடை வேறு. உரமிட்ட திடல்களில் இலைப்பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. தண்டின் வளர்ச்சி இரட்டிப்பையும் தாண்டியது. நீர் மட்டும் பெற்ற திடல்களில் கிடைத்த கூடுதல் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

காரணம் தேடிப்போனால் தெளிவாகவே இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை, அதுவும் நம்மைப்போல இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துபோகாமல் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. பைனின் வேர் மணலில் ஆழமாக இறங்கும். ஆனால் அந்த மணலில் மக்கு மிகக் குறைவு. மக்கு இல்லாத இடத்தில் தழைச்சத்து எங்கிருந்து வரும்? மரம் தன்னிடம் உள்ள தழைச்சத்துக்குத் தக்கபடி இலையைக் குறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இலை குறைந்ததால் பிடிக்கும் ஒளி குறைவு, ஆவியாக விடும் நீரும் குறைவு. பார்ப்பவனுக்கு வறட்சியில் நிற்கும் மரம்போல் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

சுவீடனில் இதே கதை வேறு உடையில் வருகிறது. 64 பாகை வடக்கில் இருக்கும் ஃபிளாக்காலிடன் என்ற இடத்தில் நார்வே ஸ்ப்ரூஸ் மரங்கள் மெல்லத்தான் வளரும். குளிர் நாடு, வேறென்ன செய்யும் என்று விட்டிருந்தார்கள். 1987-இல் தொடங்கிய ஆய்வில் நீரோடு கலந்த சரிவிகித உரத்தைத் தொடர்ந்து தந்தபோது விளைச்சல் நான்கு மடங்கு ஆனது. தெற்கே, கதகதப்பான ஆசா என்ற இடத்தில் அதே உரமுறைக்கு இரண்டு மடங்குதான். குளிர் வாட்டியது மரத்தைவிட மண்ணை. மண்ணில் மக்கு சிதைவது தாமதப்பட, தழைச்சத்து பூட்டிக் கிடந்தது. இலையும் மழையும் வெப்பமும் சத்தும் தனித்தனிக் காரணிகள் என்று அட்டவணையில் எழுதுகிறோம். மரத்துக்கு அவை ஒன்றின் வழியாக ஒன்று வந்து சேர்கின்றன.

3. கேட்பும் கொடுப்பும் ஒரே வயதில் உச்சத்துக்கு வருவதில்லை

காட்டை வெட்டி எடுத்தபின் தரையில் வெயில் விழும், மண் சூடேறும், கழிவும் சருகும் வேகமாக மக்கும். முதல் சில ஆண்டுகள் மண்ணிலிருந்து தழைச்சத்து தாராளமாக வரும். அப்போது நாற்று சிறியது. அதற்கு அவ்வளவு வேண்டாம். மரங்கள் கிளைத்துத் தோப்பு கவியும்போது தேவை உச்சத்துக்குப் போகும், அதற்குள் தரையிலிருந்து வரும் வரத்து இறங்கியிருக்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லீ ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் இந்த இடைவெளியைத்தான் இடைப்பருவ உரத்துக்கு அடிப்படையாக வைத்தார்கள். அதே மண், அதே மரம். மூன்றாம் ஆண்டில் யூரியா போட்டால் களைக்குப் போய்ச் சேரும், பன்னிரண்டாம் ஆண்டில் போட்டால் மரம் வாங்கும்.

மணிச்சத்து இந்தக் கணக்குக்குள் வராது. கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தாழ்நிலங்களில் நீர் வடியாத களிமண்ணில் மணிச்சத்து பிறவியிலேயே குறைவு. அங்கே நடும்போதே எக்டேருக்கு 56 கிலோ மணிச்சத்து இட்டால், அந்த ஒரே உரம் வெட்டும்வரை பேசும், அடுத்த சுழற்சிக்கும் கொஞ்சம் மிஞ்சும். நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வடக்கே ரிவர்ஹெட் காட்டில் ரேடியேட்டா பைன் மஞ்சளித்துக் குட்டையாக நின்றது. ஒரு காலத்தில் கௌரி மரங்கள் நின்று, பின்பு பிசின் தோண்டி எடுத்த நிலம் அது. 1950-களில் விமானத்திலிருந்து சூப்பர் பாஸ்பேட் தூவியபின் தோப்பே வேறாகிவிட்டது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் பீட்டர் ஸ்நோடன் 2002-இல் இந்த இரண்டையும் இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் உரம் மரத்தின் வயதைச் சில ஆண்டுகள் முன்னே தள்ளிவிடும். பிறகு அது பழைய நடையிலேயே நடக்கும். இரண்டாம் வகையில் அந்த இடமே மேம்பட்ட இடமாகிவிடும். தழைச்சத்து பெரும்பாலும் முதல் வகை, ஆறிலிருந்து பத்து ஆண்டுகளில் அடங்கும். மணிச்சத்து இரண்டாம் வகை. எந்த வகை என்று தெரியாமல், நான்காம் ஆண்டின் அளவை வைத்துக்கொண்டு இருபதாம் ஆண்டைக் கணித்தால் ஒன்றில் மிகையாகச் சொல்வோம், மற்றதில் குறைத்துச் சொல்வோம்.

4. ஊசியிலை சொல்வதும் மறைப்பதும்

இலையைப் பரிசோதித்தால் குறை தெரிந்துவிடாதா? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்கலாம்.

லோப்லாலியில் ஊசிகள் மூன்று மூன்றாகக் கொத்தாக வரும். மாதிரி எடுப்பது குளிர்காலத்தில், மரம் ஓய்ந்திருக்கும்போது. வளரும் பருவத்தில் சத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இன்று எடுத்த எண் அடுத்த மாதம் இராது. எடுக்க வேண்டிய இடம் முடியின் மேல் மூன்றில் ஒரு பங்கு, பக்கக்கிளையில் சென்ற ஆண்டின் முதல் துளிர். பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தத் துளிரை எப்படி எடுப்பது? நீண்ட கழியில் கத்தி கட்டி அறுப்பார்கள். அதற்கும் எட்டாவிட்டால் துப்பாக்கியால் கிளையைச் சுட்டு வீழ்த்துவார்கள். மாணவர்களே, சிரிக்கிறீர்கள். வனவியல் ஆய்வகங்களில் வேட்டைத் துப்பாக்கியும் ஒரு கருவிதான்.

அப்படி எடுத்த ஊசியில் தழைச்சத்து 1.2 விழுக்காட்டுக்குக் கீழே, மணிச்சத்து 0.12 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறை என்பது பொதுவிதி. மணிச்சத்துக்கு இந்த எல்லை ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. தழைச்சத்தில் ஏமாற்றுகிறது. மரம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். சத்து குறைந்தால் ஊசியைச் சிறிதாக்கும், ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். இருக்கிற ஊசியில் செறிவைக் காப்பாற்றிக்கொள்ளும். உரமிட்டால் ஊசி பெரிதாகும், கூடும். வந்த சத்து அந்தப் பெருத்த உடம்பில் பரவி, விழுக்காடு முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். விழுக்காட்டை மட்டும் பார்த்தவன் உரம் ஏறவில்லை என்று எழுதிவிடுவான்.

இதற்காக டொராண்டோவின் விக் டிம்மரும் அவரோடு பணிசெய்தோரும் 1970-களில் ஒரு வழியைச் செம்மையாக்கினார்கள். உரமிட்ட முதல் ஆண்டிலேயே ஊசியின் எடை, அதிலுள்ள சத்தின் விழுக்காடு, ஊசி ஒன்றுக்குச் சத்தின் மொத்த அளவு ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் குறிப்பது. எடை, விழுக்காடு, மொத்தம் மூன்றும் ஏறினால் அந்தச் சத்து உண்மையிலேயே குறைவாக இருந்தது. விழுக்காடும் மொத்தமும் ஏறி எடை ஏறாவிட்டால் மரம் வேண்டாததை வாங்கிச் சேர்க்கிறது. எடை ஏறி விழுக்காடு இறங்கினால் வேறு ஏதோ ஒரு சத்துதான் வளர்ச்சியைத் தள்ளியிருக்கிறது.

சிவப்புப் பைன் போன்ற மரங்களுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. அவற்றில் அடுத்த ஆண்டு எத்தனை ஊசி வரும் என்பதை முந்தின ஆண்டே மொட்டு தீர்மானித்துவிடும். உரம் போட்ட முதல் ஆண்டில் எண்ணிக்கை மாற இடமில்லை, எடை மட்டும் மாறும். ஆகவே எடையே சாட்சி. லோப்லாலியோ ஒரே ஆண்டில் பல முறை துளிர்விடும். ஊசியின் எடை கூடாமல் எண்ணிக்கை கூடிவிடலாம். ஆகவே அங்கே இந்தப் படத்தைச் சற்று ஜாக்கிரதையாகவே படிக்க வேண்டும்.

அதனால்தான் தென்கிழக்கில் தனி ஊசியைவிடத் தோப்பின் மொத்த இலைப்பரப்பை நம்பத் தொடங்கினார்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்குமேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பதுதான் இலைப்பரப்புக் குறியீடு. கவிந்த லோப்லாலித் தோப்பில் அது 3.5-க்குக் கீழே இருந்தால் உரத்துக்கு இடம் உண்டு என்று கொள்கிறார்கள். இதை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலிருந்தே மதிப்பிடலாம். படம் குளிர்காலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் அடியில் வளரும் அகன்ற இலை மரங்கள் இலையுதிர்த்து நிற்கும், தெரியும் பச்சை பைனின் பச்சையாக இருக்கும். இலட்சக்கணக்கான எக்டேர் வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் 3.5-க்குக் கீழே இருப்பதன் காரணம் தழைச்சத்துக் குறைவு என்று படம் சொல்லாது. நாற்று பாதி செத்திருக்கலாம். முந்தின ஆண்டு வறட்சியாக இருந்திருக்கலாம். இடைவெளி இருக்கிறது என்பது ஒன்று, அதை உரம் நிரப்பும் என்பது வேறொன்று.

5. அடுத்த தடை எங்கே காத்திருக்கிறது

நான் தொடக்கத்தில் சொன்ன வாதத்தின் இரண்டாம் பாதி இது. என் பார்வையில் கனமான பாதியும் இதுவே.

இடாஹோ, மொன்டானா, கிழக்கு வாஷிங்டன் பகுதிகளில் 1980 முதல் இடாஹோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கூட்டாய்வு ஒன்று நடந்துவருகிறது. டக்ளஸ் ஃபிருக்குத் தழைச்சத்து தந்தபோது சில இடங்களில் நல்ல வளர்ச்சி. சில இடங்களில் வளர்ச்சி இல்லாததோடு, உரமிட்ட திடலில் மரங்கள் கூடுதலாகச் செத்தன. உரம் போட்டதால் மரம் சாவதா? மண்ணின் தழைச்சத்தை எப்படி அளந்து பார்த்தும் விடை கிடைக்கவில்லை. ஜேம்ஸ் மூரும் பீட்டர் மிக்காவும் ஊசியில் சாம்பல் சத்தைப் பார்த்தார்கள். அது குறைந்திருந்த இடங்கள்தான் மோசமாகப் போயிருந்தன. தழைச்சத்து ஏறியதும் மரம் இலையைப் பெருக்கியது. அதற்கு ஈடான சாம்பல் சத்து மண்ணில் இல்லை. நெல்லில் யூரியாவை மட்டும் அள்ளிப்போட்டு, பயிர் கருகருவென்று நின்று, பின் நோய்க்கும் சாய்வுக்கும் போனதைக் கண்ட நம்மவருக்கு இது புதிதல்ல.

இதன் வேரைத் தேடிக் கீழே போனால் பாறை. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையின்மேல் வளர்ந்த தோப்புகள் தழைச்சத்துக்கு நன்றாகப் பதில் சொல்லின. உருமாறிய படிவுப் பாறைகளின்மேல் நின்றவை மோசம். மேலே மண் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். ஏனென்றால் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓரிகனில் மசாமா எரிமலை வெடித்தபோது பறந்துவந்த சாம்பல் அந்த வட்டாரம் முழுவதையும் போர்த்தியிருக்கிறது. ஓரடி தோண்டி மாதிரி எடுத்தவருக்கு எங்கும் ஒரே சாம்பல். ஆழத்திலிருந்து எடுத்துவரும் வேருக்குத்தான் அடியிலுள்ள பாறை தெரியும்.

ஓரிகன் கடலோர மலைத்தொடரில் தடை மறுபுறமாக வருகிறது. அங்கே நெடுங்காலமாகச் செவ்வால்டர் மரங்கள், நம் அகத்தியைப்போல வேரில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் மரங்கள், வளர்ந்து மண்ணில் தழைச்சத்தை நிரப்பிவிட்டன. மிகுந்த தழைச்சத்து நைட்ரேட்டாகக் கரைந்து வெளியேறும்போது சுண்ணாம்புச் சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே டக்ளஸ் ஃபிருக்கு மேலும் யூரியா போடுவது வீண். மண்ணில் சுண்ணாம்புச் சத்து தேய்ந்துகொண்டிருக்கிறது. வளம் மிக்க இடம், வறிய இடம் என்று ஒரே கோட்டில் இடங்களை வரிசைப்படுத்துவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இந்த மலைத்தொடர் நல்ல சான்று.

நியூயார்க் மாநிலத்தில் வாரன்ஸ்பர்க் அருகே பேக் காட்டில், பயிரிட்டுத் தேய்ந்து கைவிட்ட மணற்காட்டில் நட்ட சிவப்புப் பைன் மஞ்சளித்தபோதும் விடை சாம்பல் சத்துதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1930-களில் ரேடியேட்டா பைனின் நுனி குலைந்து கொத்துக்கொத்தாகப் போனதற்குத் துத்தநாகம். எல்லா இடத்துக்கும் பட்டியல் போடலாம், வேண்டாம்.

6. மண்ணை வகுப்பதும் சமன்பாடு எழுதுவதும்

ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் கூட்டாய்வு 1960-களின் இறுதியில் ஒரு எளிய வழியைத் தேர்ந்தது. கடலோரச் சமவெளி மண்ணை எட்டு வகையாகப் பிரித்தார்கள். பிரித்தது சத்தை வைத்தல்ல. நீர் எவ்வளவு வடியும், அடிக்களி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற இரண்டை முக்கியமாக வைத்து. காலால் நடந்து, மண் துளைப்பானால் குத்திப் பார்த்து, வனக்காப்பாளரே வகை சொல்லிவிடலாம். வடியாத களியா, நடும்போதே மணிச்சத்து. உயர்ந்த வறண்ட மணலா, யோசித்துச் செய். இந்த வகுப்பு இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் அளந்த மொத்தத் தழைச்சத்து தராத விடையை வடிகால் தந்தது, ஏனென்றால் வேரின் ஆழம், காற்று, மக்கு சிதையும் வேகம் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

சமன்பாடுகளும் வந்தன. 1998-இல் ஹினினன், பர்க்ஹார்ட், ஆலன் மூவரும் உரமிடாத மரத்தின் வளர்ச்சிச் சமன்பாட்டை எடுத்து, அதன்மேல் ஒரு பெருக்கெண்ணை ஏற்றினார்கள். உரமிட்டபின் அந்த எண் ஏறி, உச்சம் தொட்டு, பின் இறங்கி ஒன்றுக்கு வந்துவிடும். நடைமுறைக்கு நல்ல கருவி. லாண்ட்ஸ்பெர்க், வேரிங் இருவரும் 1997-இல் வெளியிட்ட 3-பி.ஜி. என்ற வளர்ச்சி மாதிரி இன்னொரு வழி: ஒளி, வெப்பம், மழை, மண்ணின் நீர்க்கொள்ளளவு எல்லாவற்றையும் கணக்கிட்டு மரம் எவ்வளவு வளரக்கூடும் என்று சொல்கிறது. மரத்தின் உடலியலில் நிற்பதால் புது இடத்துக்கும் பொருந்தும் என்பது அதன் பெருமை. ஆனால் மண்வளம் அதில் சுழியிலிருந்து ஒன்று வரை உள்ள ஒற்றை எண். பல வேளைகளில் அதை, அந்த இடத்தில் மரம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கணிக்க வேண்டியதைக் கொண்டே கணிப்பானை முடுக்குவது எனக்கு நெருடுகிறது. மழையையும் வெயிலையும் இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் மண்ணுக்கு ஒரு திருகு மட்டும் வைத்துவிட்டுப் போனார்களே என்று மண்ணியல்காரனுக்கு வருத்தம் இருக்காதா?

ஒரு தகவலை இடையில் சொல்லிவிடுகிறேன். தூவிய யூரியா முழுவதும் மரத்துக்குப் போவதில்லை. சூடான, ஈரப்பதமான நாளில் சருகின்மேல் விழுந்த யூரியாவிலிருந்து கணிசமான பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். குளிர்காலத்தில் இட்டால் இழப்பு குறையும். ஆகவே ஒரு தோப்பு பேசவில்லை என்றால், அது கேட்கவில்லையா, நாம் சொன்னது போய்ச் சேரவில்லையா என்றும் பார்க்க வேண்டும்.

7. கணிப்பை அந்த இடத்திலேயே சோதிப்பது

இவ்வளவுக்கும் பிறகு, நில உரிமையாளருக்கு என்ன சொல்வது? அண்மைக் காலத்தில் இரண்டு முறைகள் பரவியிருக்கின்றன. வடமேற்கில் டக்ளஸ் ஃபிருக்கு இணைமர முறை: ஒரே அளவுள்ள, பக்கத்துப் பக்கத்து இரண்டு மரங்களை இணையாக்கி ஒன்றுக்கு மட்டும் உரமிடுவது. தென்கிழக்கிலும் பிரேசிலின் தைல மரத் தோப்புகளிலும் இரட்டைத் திடல் முறை: தோப்பை அளக்க ஏற்கெனவே இருக்கும் திடல் ஒவ்வொன்றின் அருகிலும் அதேபோன்ற இன்னொரு திடலைத் தேர்ந்து உரமிடுவது. பெரிய ஆய்வுத் திடல்கள் சில இடங்களில் மட்டும் இருக்க முடியும். இவை மலிவு என்பதால் பாறைக்குப் பாறை, வடிகாலுக்கு வடிகால் வைக்கலாம். முதல் பகுதியில் சொன்ன கழித்தல் கணக்கின் ஆட்டத்தையும் இணை சேர்ப்பது ஓரளவு அடக்குகிறது. இராமமூர்த்தி ஒரே வயலுக்குள் வேறுபாட்டை உண்டாக்கிப் பெற்ற தெளிவை, இவர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒற்றுமையைத் தேடிப் பெறுகிறார்கள்.

ஆனால் இந்தத் திடல்களை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இன்று பெரும்பாலும் நல்ல பதில் வரும் என்று எதிர்பார்க்கும் தோப்புகளில்தான் வைக்கிறார்கள். செலவைக் காட்டி நியாயப்படுத்த அதுவே வசதி. கரோலினாவின் ஈரக் களிமண்ணுக்கு மணிச்சத்து வேண்டுமா என்று கேட்க இனி ஒரு திடலும் வேண்டியதில்லை. இலைப்பரப்பு 3.5-க்குக் கீழே, ஊசியில் தழைச்சத்து 1.2-க்கு மேலே என்று இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று மறுக்கும் தோப்புகள் இருக்கின்றன. சாம்பல் போர்வைக்கு அடியில் என்ன பாறை என்று வரைபடத்தில் குறிக்காத மலைகள் இருக்கின்றன. ஒன்பதரை மூட்டை யூரியாவை ஹெலிகாப்டரில் ஏற்றும் முன், இரண்டு திடல்களை அங்கே வையுங்கள் என்பேன்.